விதைக்கிழங்கின் முளையைப் பாருங்கள்

வீட்டுத் தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடுபவர்கள் சமையலுக்கு வாங்கிய கிழங்கை நடாதீர்கள். முளை கட்டாமலிருக்க மருந்து போட்டிருக்கலாம். வைரஸும் கூடவே வரலாம். இலை சுருண்டு செடி குட்டையாகிவிட்டால் எந்த மருந்தும் காப்பாற்றாது.

சான்று பெற்ற விதைக்கிழங்கு, கோழிமுட்டை அளவில், 40–50 கிராம் போதும். நீலகிரி மண்ணில் வேரைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு இருப்பதால் அங்கே அதைத் தாங்கும் குஃப்ரி சுவர்ணா ரகம்தான் என் தேர்வு.

முட்டை அட்டையில் கண்கள் (முளை வரும் குழிகள்) மேலே பார்க்கக் கிழங்கை அடுக்கி, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் 2–3 வாரம் வையுங்கள். முளை 1 செ.மீ. உயரத்தில், தடித்து, பச்சையும் ஊதாவுமாக நிற்க வேண்டும். இருட்டில் வைத்தால் வெள்ளை நூலாக நீளும், நடும்போதே ஒடியும். பெரிய கிழங்கை வெட்டினால் துண்டுக்கு 2 கண்ணாவது இருக்கட்டும்; வெட்டிய இடம் தோல் கட்ட 2–3 நாள் நிழலில் விடுங்கள். பச்சை வெட்டோடு ஈரமண்ணில் வைத்தால் அழுகிவிடும்.

5–7 செ.மீ. ஆழம், 20 செ.மீ. இடைவெளி. செடி ஒரு சாண் வளர்ந்ததும் மண் அணைக்க மறக்காதீர்கள். வெயில் பட்ட கிழங்கு பச்சையாகி நஞ்சேறும், சமைக்கக் கூடாது.

சமவெளியில் நவம்பரில் நடுங்கள். இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் போனால் தழைதான் செழிக்கும், கிழங்கு பிடிக்காது.