பிதா, சுதன், பரிசுத்த ஆவி

"கடவுள் ஒருவரா, மூவரா?" தங்கச்சிமடத்து மறைக்கல்விப் பிள்ளைகள் விடாமல் கேட்கும் கேள்வி. கடவுள் ஒருவரே, ஆட்கள் மூவர். மகன் தந்தையோடு ஒரே பொருளானவர் என்று 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அறிக்கையிட்டது. அந்த விசுவாச அறிக்கையில் தூய ஆவியாரைப் பற்றிய வரிகள் 381இல் கான்ஸ்டாண்டிநோபிளில் சேர்ந்தன. எனக்கு இதில் பெரிது, உலகம் உண்டாகும் முன்பே கடவுளுக்குள் அன்பு இருந்தது என்பதுதான். அவர் ஒருநாளும் தனியாக இருந்ததில்லை!

எங்கள் தெருவில் ஒரு வீட்டு ஆள் இப்போது கடலுக்கு அக்கரையில், இலங்கைச் சிறையில். டீசல் கறை போகாத விரலால் நெற்றி, நெஞ்சு, தோள் என்று சிலுவை போட்டுத்தான் படகேறுவார். பக்கத்து வீட்டு அக்கா அவர் வீட்டில் அரிசிப்பையை இறக்கிவிட்டு, சாயங்காலச் செபமாலையையும் அந்த வாசலுக்கே மாற்றிவிட்டார்.

வருகிற ஞாயிறு மூவொரு கடவுள் பெருவிழா. பூசை முடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குத்தான் போகிறோம். வரமுடிந்தவர்கள் வாங்க.