அம்மப்பாவின் சவரக்கத்தியும் என் நாடியும்

2022இல் சாமான் விலையெல்லாம் ஏறிக்கிடந்த நேரம். மூன்று பிளேட் வைத்த றேசர் தலை வாங்கக் கடைக்குப் போனவன் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தேன். அன்றிரவும் கரண்ட் இல்லை. டோர்ச் தேடி அம்மாவின் றங்குப் பெட்டியைக் கிளறியபோது, பழைய வேட்டித் துண்டில் சுற்றியபடி அம்மப்பாவின் மடக்குச் சவரக்கத்தி அகப்பட்டது. 1978 சூறாவளி மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் ஆரையம்பதி வீட்டுக் கூரையைக் கொண்டுபோனபோதும், கட்டிலுக்குக் கீழே கிடந்ததால் தப்பிய பெட்டி அது என்று அம்மா சொல்வா.

கறுப்புக் கைபிடி. முதுகு தடிப்பு, அங்கிருந்து வெட்டுகிற வாய் வரைக்கும் இரண்டு பக்கமும் குழிவாகத் தேய்த்த இரும்பு. வால் பக்கத்தில் சோலிங்கன் என்று பொறித்திருந்தது. கத்திக்குப் பேர்போன ஜெர்மன் ஊர். சவரக்கத்தி பிடித்தவர்களுக்கு அந்தப் பெயர் போதும், எனக்கும் போதுமாயிருந்தது. அடுத்த நாளே குசினியில் மீன் வெட்டுற கத்தி தீட்டும் கல்லை எடுத்து, மீன் கத்தியைத் தீட்டுவதுபோலவே முதுகைத் தூக்கிப்பிடித்து நாலு இழுவை இழுத்தேன். ஸ்பிரிட்டால் துடைத்தேன். சவுக்காரத்தைப் பூசிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றேன்.

மயிர் வெட்டுப்படவில்லை, பிடுங்குப்பட்டது. கன்னத்தில் மூன்று கீறல். மனுசி பார்த்துவிட்டு, "என்னப்பா இது, பூனை பிறாண்டினாப்போல?" என்று கேட்டா. வகுப்பில் பிள்ளைகள் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அதைவிட மோசம்.

பிறகுதான் கத்தியைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு கோட்டைமுனைப் பக்கத்துச் சலூனுக்குப் போனேன். வயதான மனிசன். இப்போது அவரும் ஆளுக்கு ஆள் மாற்றுகிற பாதி பிளேட்டில்தான் வழிக்கிறார், ஆனால் தொழில் பழகியது இந்தக் கத்தியில். வாங்கின உடனே வாயை மேலே பார்க்கப் பிடித்து டியூப் லைட்டுக்கு நேரே வைத்தார்.

"கூர் இருந்தா வாயில வெளிச்சம் நிக்காது தம்பி. இஞ்ச பாருங்க, வெள்ளை நூல்மாதிரி மினுங்குது. கல்லில தூக்கிப் பிடிச்சுத் தேச்சயள், என்ன?"

பார்த்தேன். நூலேதான். வாயின் நடுப்பகுதி முழுக்க மெல்லிய வெள்ளைக் கோடு.

சவரக்கத்தியைக் கல்லில் படுக்கவைத்துத்தான் தீட்ட வேண்டும். முதுகும் வாயும் சேர்ந்து கல்லைத் தொட வேண்டும். முதுகின் தடிப்பே சரியான சாய்வைத் தந்துவிடும், நாங்கள் கணக்குப் பார்க்கத் தேவையில்லை. வாய் முன்னே போகும்படி தள்ளி, திருப்பி, மறுபக்கம் தள்ள வேண்டும். நான் கெடுத்ததைத் திருத்த அவருக்கு இரண்டு பின்னேரம் எடுத்தது. கடைசியில் முழங்கைக்குக் கீழே தன் மயிருக்கு மேலால் தோலில் படாமல் கத்தியை ஓட்டிக் காட்டினார். மயிர் துள்ளி விழுந்தது. பிற்பாடு நானும் கரடாக 1000 எண்ணில் ஒன்று, நைசாக 8000 எண்ணில் ஒன்று என்று கல் கொழும்பிலிருந்து எடுப்பித்தேன். றேசர் தலை விலைக்குப் பயந்து தொடங்கிய கதை இது என்பதை மனுசி இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்தது வார், கல்லுக்குப் பிறகு வாயைப் பதப்படுத்துகிற தோல்பட்டை. பழைய தோல் பெல்ட்டை அலுமாரிக் கைபிடியில் கொளுவி, தொய்யாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டு கத்தியை ஓட்ட வேண்டும். கல்லில் வாய் முன்னே போகும், வாரில் முதுகு முன்னே போகும். நேர் எதிர். முடிவில் முதுகின்மேல்தான் கத்தியை உருட்டித் திருப்ப வேண்டும். நான் அவசரத்தில் வாய்ப்பக்கமாகத் திருப்பி முதல் நாளே பெல்ட்டில் ஒரு வெட்டுப் போட்டேன், கூரும் போனது. திரும்பவும் கோட்டைமுனை.

"வேகம் மறுகா தானா வரும். இப்ப எண்ணி எண்ணி இழுங்க. அவசரப்பட ஒண்ணா" என்றார்.

ஒரு கிழமை முகத்தைத் தொடவேயில்லை. காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது, வாரில் மட்டும்.

முகம் என்று வந்தபோது கத்தியை விடத் தண்ணீர்தான் முதலில் வில்லங்கம் தந்தது. எங்கள் கிணறு சவர். சவர்த் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது, தயிர் திரண்டதுபோல் நிற்கும். குழாய்த் தண்ணீரைக் கேத்தலில் சூடாக்கி, துவாயை நனைத்து முகத்தில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் மயிர் ஊறிவிடும். பிறகு பிரஷ்ஷால் நுரை. இன்னொன்று: ஃபேனை நிறுத்த வேண்டும். ஒரு கன்னம் முடியுமுன் மறு கன்னத்து நுரை காய்ந்து போவது ஏன் என்று நாலு நாள் யோசித்த பிறகே தலைக்கு மேலே சுற்றுவதை நிமிர்ந்து பார்த்தேன்.

மற்றதெல்லாம் இடக்கையில் இருக்கிறது. வலக்கை கத்தியைப் பிடித்தால் போதும், அழுத்தவே கூடாது. இடக்கை தோலைக் காதுப்பக்கம் இழுத்து மேளத்தோல்போல் வைத்திருக்க வேண்டும். தோல் தளர்ந்த இடத்தில்தான் வெட்டும். முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவில் முதுகின் தடிப்பைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி, ஏறக்குறைய 30 பாகை. அதைவிடப் படுத்தால் பிடுங்கும், நிமிர்ந்தால் வெட்டும். சரியாகப் போனால் உலர்ந்த வாழைச்சருகைத் தடவுவதுபோல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்ட காலை, நிறுத்தி இன்னொருக்கால் கேட்டேன்.

முதல் மாதம் இரண்டு கன்னம் மட்டும்தான். அதற்குப் பிறகு கழுத்து. அங்கே மயிர் நான் நினைத்த திசையில் வளரவில்லை: இடப்பக்கம் கீழ்நோக்கி, வலப்பக்கம் காதை நோக்கி. காய்ந்த விரலால் தடவி எந்தப் பக்கம் சொரசொரக்கிறது என்று பார்த்து, வளரும் திசையிலேயே வழித்தேன். எதிர்த்து வழித்த ஒரு நாள் கழுத்து முழுக்கச் சிவப்புப் பொட்டு. நாடியில் வாங்கிய வெட்டு மட்டும் கொஞ்சம் ஆழம். கத்தியை மேலிருந்து கீழே கொண்டுவராமல் பக்கவாட்டில் இழுத்துவிட்டேன், ஈர்க்கில் கீறியதுபோல ஒரு கோடு. படிகாரக் கட்டியை நனைத்து வைத்தேன். எரிந்தது, நின்றது. தழும்பு இருக்கிறது.

மாரி மழை தொடங்கிய பிறகு ஒரு நாள் பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று கத்தியைச் சும்மா துடைத்து பாத்றூமிலேயே வைத்துவிட்டுப் போனேன். பின்னேரம் வந்து பார்த்தால் வாயோரம் இரண்டு கறள் பொட்டு. ஆற்றங்கரைக் காற்றும் மழை ஈரமும் சேர்ந்தால் இந்த இரும்பு ஒரு பகலுக்குக்கூடத் தாங்காது. திரும்பக் கல், திரும்ப வார். இப்போது வழித்தவுடன் கழுவி, துடைத்து, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி பூசி அலுமாரிக்குள் வைக்கிறேன்.

ஞாயிறு காலைகளில் இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. வேலைநாளில் அவ்வளவு நேரம் இல்லை, ஆகவே கிழமைக்கு இரண்டு தடவைதான். மூக்குக்குக் கீழே அந்த நடுக்குழி மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அதைப் பழைய பிளாஸ்டிக் றேசரால்தான் எடுக்கிறேன். சலூன்காரர் போன மாதம் மேலுதட்டை உற்றுப் பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கயள் தம்பி" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.