மூடிய அறையும் நிறைந்த அரங்கும்

பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மாணவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் தொகுதியின் ஆயர் முன் தனியாகப் போய் உட்கார வேண்டும். மார்மன்கள் என்று வெளியுலகம் அழைக்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில், ஆயர் என்பவர் சம்பளம் பெறும் குருவானவர் அல்லர். வார நாட்களில் பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ வேலை பார்த்துக்கொண்டு, சில ஆண்டுகளுக்கு மட்டும் அந்தப் பொறுப்பை ஊதியமின்றிச் சுமக்கும் சாதாரண மனிதர் அவர். கதவைச் சாத்திவிட்டு அவர் சில கேள்விகள் கேட்பார். திருமணத்துக்கு வெளியே உடலுறவு இல்லாமல் வாழ்கிறாயா, மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்கியிருக்கிறாயா, படிப்பில் நேர்மையாக இருக்கிறாயா, ஞாயிறு வழிபாட்டுக்குத் தவறாமல் வருகிறாயா என்பவை அவற்றுள் முக்கியமானவை. அவருடைய ஒப்புதல் இல்லாமல் அடுத்த ஆண்டு படிப்பைத் தொடர முடியாது. சபையைச் சேராத மாணவர்களுக்கும் இதே ஒப்புதல் தேவை. அவர்கள் தங்கள் மதக் குருவிடமிருந்தோ பல்கலைக்கழகத்தின் சமயப் பணியாளரிடமிருந்தோ அதைப் பெறலாம்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டைப் பல ஆண்டுகளாகக் கூர்ந்து கவனித்துவரும் எனக்கு, இந்தச் சிறிய அறைதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் மையம் என்று தோன்றுகிறது. யூட்டா மாநிலத்தின் ப்ரோவோ நகரில், வாசாட்ச் மலைத்தொடரின் அடிவாரத்தில் 1875-இல் ஒரு சிறு கல்விக்கூடமாகத் தொடங்கிய நிறுவனம் இது. இன்று ஏறத்தாழ 35,000 மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் சபையின் உறுப்பினர்கள். உறுப்பினர்கள் தங்கள் வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகத் தரும் தசமபாகத்திலிருந்து பல்கலைக்கழகத்துக்குப் பணம் போவதால் கட்டணம் மிகக் குறைவு. பட்டம் பெறச் சமயப் பாடங்களில் 14 மதிப்பலகுகள் முடித்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை முற்பகலில் ஆன்மிகச் சொற்பொழிவு நடக்கும். ஆண்கள் தாடி வளர்க்கக் கூடாது. மருத்துவக் காரணம் இருப்பவர்கள் தனி அனுமதி பெற வேண்டும். எதிர்பாலினத்தவர் படுக்கையறைப் பக்கம் போகக் கூடாது. 'ஆனர் கோட்' எனப்படும் இந்த நன்னடத்தை நெறி, தேர்வில் பார்த்து எழுதுவதைத் தடுக்க 1940-களின் இறுதியில் மாணவர்களே முன்னெடுத்த முயற்சியிலிருந்து வளர்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் தாடியையும் காப்பியையும் பற்றி மட்டுமே பேசுகிறார்கள். ஒருவர் விரும்பிக் கையெழுத்திட்டு ஏற்றுக்கொண்ட கட்டுப்பாட்டைக் கேலி செய்ய எனக்கு மனம் வருவதில்லை. என்னை வருத்துவது வேறொன்று.

2011-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து அணி நாட்டின் தரவரிசையில் 3-ஆம் இடத்தில் இருந்தது. ஜிம்மர் ஃப்ரெடெட் எங்கிருந்து எறிந்தாலும் பந்து வளையத்துக்குள் விழுந்த பருவம் அது. ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 28.9 புள்ளிகள் எடுத்து, அந்தப் பருவத்தின் தலைசிறந்த கல்லூரி வீரர் என்ற விருதுகளை அவர் வென்றார். வளையத்தின் அடியில் நின்று பந்தைப் பிடித்துக் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் பிராண்டன் டேவிஸ். ப்ரோவோ நகரிலேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்; அப்போது அவருக்கு வயது 19. மார்ச் மாதத் தொடக்கத்தில், நாடு தழுவிய போட்டிக்குச் சில வாரங்களே இருந்த நிலையில், நன்னடத்தை நெறியை மீறியதற்காக அவர் அந்தப் பருவம் முழுவதும் நீக்கப்படுகிறார் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. மறுநாள் இரவு சொந்த அரங்கில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்திடம் அந்த அணி 18 புள்ளிகள் வித்தியாசத்தில் தோற்றது. பின்னர் நாடு தழுவிய போட்டியில் கடைசிப் 16 அணிகள் வரை முன்னேறி, ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்திடம் கூடுதல் நேரத்தில் வீழ்ந்தது.

அவர் எந்த விதியை மீறினார் என்பது அடுத்த சில நாட்களுக்குள் நாடு முழுவதும் செய்தியானது. அதை நான் இங்கே எழுதப் போவதில்லை. பல்கலைக்கழகமும் அதைச் சொல்லவில்லை. 'நெறி மீறல்' என்ற இரண்டு சொற்களை மட்டுமே சொன்னது. அந்த இரண்டு சொற்களே போதுமானவையாக இருந்தன. தொலைக்காட்சி வருணனையாளர்களும் நாளிதழ்ப் பத்தி எழுத்தாளர்களும் நள்ளிரவு நகைச்சுவையாளர்களும் மீதியைப் பார்த்துக்கொண்டார்கள். வெற்றியைவிடக் கொள்கை பெரிது என்று காட்டியதற்காகப் பல்கலைக்கழகத்தைப் பாராட்டியவர்கள் ஏராளம். அந்தப் பாராட்டில் நியாயம் உண்டு என்பதை நானும் ஏற்கிறேன், ஏனெனில் பயிற்சியாளரின் நெருக்கடிக்காக விதியை வளைக்கும் கல்லூரிகளுக்கு அங்கே பஞ்சமே இல்லை. ஆனால் பாராட்டியவர்களும் கேலி செய்தவர்களும் பேசிக்கொண்டிருந்தது 19 வயது இளைஞன் ஒருவனின் அந்தரங்கத்தைப் பற்றி. நெறி எல்லோருக்கும் ஒன்றே என்றார்கள். அதே வாரம் அதே விதியை மீறிய வேறொரு மாணவரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் ஆயரிடம் போயிருப்பார், அழுதிருப்பார், சில மாதங்கள் ஞாயிறு வழிபாட்டில் அப்பமும் தண்ணீரும் தம்மிடம் வரும்போது எடுக்காமல் பக்கத்தில் இருப்பவரிடம் தட்டைக் கடத்தியிருப்பார். பக்கத்தில் இருப்பவர் அதைக் கவனித்திருக்கலாம், கேட்டிருக்க மாட்டார். மனந்திரும்புதல் என்று அந்தச் சபை எதைச் சொல்கிறதோ அதற்கு இந்த அமைதிதான் நிலம்.

அந்த அமைதி விளையாட்டு வீரருக்குக் கிடைப்பதில்லை. விதி ஒன்றாகவே இருந்தாலும் தண்டனை ஒன்றாக இருப்பதில்லை என்பதே என் ஆதங்கம்.

அந்த நாட்களில் என் நினைவில் தங்கிய காட்சி ஒன்று உண்டு. நீக்கப்பட்ட சில நாட்களிலேயே டேவிஸ், வயோமிங் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில் சாதாரண உடையில் தம் அணியினருடன் அமர்ந்திருந்தார். வெற்றிக்குப் பிறகு வளையத்தின் வலையை வெட்டி எடுக்கும் கொண்டாட்டத்திலும் அவர்கள் அவரைச் சேர்த்துக்கொண்டார்கள். அடுத்த பருவத்தில் அவர் மீண்டும் ஆடினார். பிறகு லிதுவேனியாவின் ஷால்கிரிஸ், ஸ்பெயினின் பார்சலோனா போன்ற ஐரோப்பிய அணிகளில் நீண்ட காலம் விளையாடினார். அவரை வெளியே தள்ளாமல் திரும்ப ஏற்றுக்கொண்ட அந்தச் சமூகத்தின் அன்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

மூடிய அறை எல்லா நேரமும் நல்லதே செய்தது என்றும் சொல்ல முடியாது. பாலியல் வன்முறைக்கு உள்ளான மாணவிகள் புகார் கொடுத்தபோது, அந்த நேரத்தில் நீ எங்கே இருந்தாய், மது குடித்திருந்தாயா, ஒருவருடைய அறையில் ஏன் இருந்தாய் என்று நன்னடத்தை அலுவலகம் அவர்களையே விசாரித்த செய்தி 2016-இல் வெளிவந்தது. அதைத் தொடர்ந்து எழுதிய சால்ட் லேக் ட்ரிப்யூன் நாளிதழுக்கு 2017-இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. புகார் கொடுப்பவர் மீது நெறி மீறல் நடவடிக்கை எடுக்கப்படாது என்ற பாதுகாப்பைப் பல்கலைக்கழகம் 2016 அக்டோபரில் அறிவித்தது. அந்த மாணவிகளின் பெயர் எந்த அரங்கிலும் ஒலித்ததில்லை. நாட்டின் கவனம் அவர்களிடம் வர இத்தனை காலம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தானாக முன்வந்து தன் தவற்றைச் சொல்பவருக்குக் கதவு மூடியிருக்க வேண்டும்; தனக்கு இழைக்கப்பட்ட கொடுமையைச் சொல்ல வருபவருக்கு அதே கதவு பொறியாகிவிடக் கூடாது.

இந்தப் பல்கலைக்கழகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, மாணவர்கள் பலர் படிப்பை நிறுத்திவைத்து, சபையின் நம்பிக்கையைப் பரப்பச் செய்யும் ஊழியம். ஆண்கள் 18 வயதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு உலகின் எந்த மூலைக்கும் அனுப்பப்படலாம். இடத்தை அவர்கள் தேர்ந்தெடுப்பதில்லை, செலவைத் தாங்களோ தங்கள் குடும்பமோதான் ஏற்க வேண்டும். எப்போதும் ஒரு கூட்டாளியுடன் இருவராகவே இருக்க வேண்டும், காதல் கூடாது. 2019 பிப்ரவரிக்கு முன் வரை வீட்டுடன் ஆண்டுக்கு இரண்டு முறைதான் பேச முடியும். மற்ற நாட்களில் கடிதமும் மின்னஞ்சலும்தான். உடற்பயிற்சிக்குக் காலையில் கிடைப்பது அரை மணி நேரம். ஒரு விளையாட்டு வீரருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை விளக்க வேண்டியதில்லை. ஏழரை அடி உயரமுள்ள கூடைப்பந்து வீரர் ஷான் பிராட்லி ஒரே ஒரு பருவம் ஆடிவிட்டு, தொழில்முறை அணிகள் காத்திருந்தபோதே ஆஸ்திரேலியாவின் சிட்னிக்குப் போனார். இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்து, 1993-இல் தொழில்முறை அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, ஃபிலடெல்ஃபியா அணியால் இரண்டாவது வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நெடுந்தூர ஓட்டக்காரர்களைப் பார்த்தால் இன்னும் வியப்பாக இருக்கும், ஏனென்றால் அவர்களுடைய உடற்திறன் சில வாரங்களிலேயே கரையத் தொடங்கிவிடும். கானர் மான்ட்ஸ் கானாவில் ஊழியம் செய்தவர். திரும்பி வந்து கல்லூரிகளுக்கிடையிலான நாடு தழுவிய குறுக்கு நில ஓட்டத்தில் இரண்டு முறை வென்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 8-ஆவதாக வந்தார். 2025-இல் சிகாகோவில் 2 மணி 4 நிமிடம் 43 வினாடிகளில் ஓடி அமெரிக்கச் சாதனையையும் முறியடித்தார். உகாண்டாவில் ஊழியம் செய்த கென்னத் ரூக்ஸ் அதே பாரிஸில் 3,000 மீட்டர் தடைதாண்டும் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அறிமுகமில்லாத தெருக்களில் கதவு தட்டிய அந்த இரண்டு ஆண்டுகளில் இவர்களை யாரும் வீரர்களாகப் பார்த்திருக்க மாட்டார்கள். புகழ் கிடைப்பதற்கு முன்பே புகழில்லாமல் வாழக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு வேறெந்தக் கல்லூரி வீரருக்கு இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை ஆடுவதில்லை என்ற உறுதியும் இதே வேரிலிருந்து வந்தது. எலி ஹெரிங் என்ற அமெரிக்கக் கால்பந்து வீரரை 1995-இல் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி தேர்ந்தெடுத்தபோது, தொழில்முறை ஆட்டங்கள் ஞாயிறன்று நடப்பதால் அதை மறுத்துவிட்டு அவர் கணித ஆசிரியரானார்.

சபைக்கு வெளியிலிருந்து வந்தவர்களின் கதை எப்போதும் இவ்வளவு இலகுவாக இருந்ததில்லை. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குச் சபை ஆசாரியத்துவம் எனும் சமயச் சடங்குகளை நடத்தும் அதிகாரத்தை அளிக்கவில்லை. அதை எதிர்த்து 1969-இல் இந்தப் பல்கலைக்கழகத்துடனான ஆட்டத்தில் கறுப்புப் பட்டை அணிய விரும்பிய வயோமிங் பல்கலைக்கழகத்தின் 14 கறுப்பின வீரர்களை, அவர்களுடைய பயிற்சியாளரே அணியிலிருந்து நீக்கினார். அவர்களில் எஞ்சியிருந்தவர்கள் அரை நூற்றாண்டுக்குப் பின் அதே சபையுடன் கைகோத்து ஏழைகளுக்கு உணவு வழங்கியதை நினைக்கும்போதெல்லாம் நெகிழ்ந்துபோகிறேன். அன்றைய யுகோஸ்லாவியாவிலிருந்து வந்த கிரெஷிமிர் சோசிச் 1970-களின் தொடக்கத்தில் இங்கே கூடைப்பந்து ஆடியபோது சபையில் சேர்ந்தார். சபையின் வேதநூலான மார்மன் புத்தகத்தைக் குரோஷிய மொழியில் பெயர்த்தார். பிற்காலத்தில் குரோஷியாவின் தூதரக அதிகாரியாக வாஷிங்டனில் பணியாற்றினார். ஜிம் மக்மேன் அதற்கு நேர் எதிர். 1980-இல் நான்கு நிமிடங்களே மீதமிருக்க 20 புள்ளிகள் பின்தங்கிய அணியை 46-45 என்று வெல்ல வைத்த, பந்தை வீசி ஆட்டத்தை வழிநடத்தும் கால்பந்து குவார்ட்டர்பேக் அவர். விதிகளோடு கடைசிவரை மல்லுக்கு நின்றவர். விட்டுப்போன பாடங்களை முடித்து 2014-இல்தான் அவர் பட்டம் பெற்றார், அதே ஆண்டில் பல்கலைக்கழகம் அவரைத் தன் புகழ்க்கூடத்தில் சேர்த்தது. 2024-இல் யூதரான ஜேக் ரெட்ஸ்லாஃப் கால்பந்து அணியை 11 வெற்றிகளுக்கு அழைத்துச் சென்றார். மறு ஆண்டே நெறி மீறலுக்காகப் பல ஆட்டங்களுக்கு விலக்கிவைக்கப்படும் நிலை வந்தபோது துலேன் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். அவரைப் பற்றியும் செய்தித் தளங்கள் அவருடைய அந்தரங்கத்தையே எழுதின.

இப்போது பணம் சேர்ந்திருக்கிறது. கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விற்றுச் சம்பாதிக்க 2021 ஜூலையில் அனுமதி வந்தபோது, உதவித்தொகை இல்லாமல் ஆடிய கால்பந்து வீரர்கள் அனைவரின் கட்டணத்தையும் பில்ட் என்ற நிறுவனம் ஏற்றது. அது அந்தப் பல்கலைக்கழகத்தின் இயல்புக்கு அழகாகப் பொருந்திய செயல். பிறகு வேகம் கூடியது. பல்கலைக்கழகம் 2023-இல் பெரிய கல்லூரி அணிகள் மோதும் பிக் 12 கூட்டமைப்பில் சேர்ந்தது. 2024 டிசம்பரில், நாட்டின் மிகச் சிறந்த பள்ளிக் கூடைப்பந்து வீரராகக் கருதப்பட்ட ஏஜே டிபான்ட்சா அங்கே சேரச் சம்மதித்தார். பல மில்லியன் டாலர் ஒப்பந்தம் என்று ஊடகங்கள் எழுதின. சூதாட்டத்தை யூட்டா மாநிலம் முழுமையாகத் தடை செய்திருக்கிறது. ஆனால் 2018-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்களில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாகிவிட்டது. எந்த வீரர் ஆடுகிறார், ஆடவில்லை, ஏன் ஆடவில்லை என்ற கேள்விக்கு விலை வந்துவிட்டது. இனி ஒரு நட்சத்திர வீரர் ஆயர் முன் உட்கார்ந்து உண்மை பேசினால், அந்த உண்மைக்காக வெளியே காத்திருப்பவர்கள் 2011-ஐவிடப் பல மடங்கு அதிகம்.

நெறியைத் தளர்த்த வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அந்தச் சபையினருடையது. நான் கேட்பது ஓர் அறிவிப்பின் வாசகத்தைப் பற்றி மட்டுமே. பாவ அறிக்கையை ஆயர் இரகசியமாகக் காக்க வேண்டும் என்பது சபையின் சொந்த விதி. அதே சபை நடத்தும் பல்கலைக்கழகம் தன் வீரரை விலக்கும்போது, இன்னார் இந்தப் பருவத்தில் ஆடமாட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். காரணத்தைச் சொல்லும் அந்த இரண்டு சொற்களை விட்டுவிட்டால், அவர் காயமடைந்தாரா, வீட்டில் துயரமா, படிப்பில் பின்தங்கினாரா, தவறு செய்தாரா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பத் தட்டைத் தொடாமல் கடத்திய அந்த வேறொரு மாணவருக்குக் கிடைத்தது அவருக்கும் கிடைக்கும்.