தட்டையான ஊரை லினோவில் செதுக்குவது

நிலக்காட்சி பிரிண்ட் செய்ய சென்னையில் உட்காருபவர்கள் முதலில் சொல்லும் குறை, "இங்க வரைய என்ன இருக்கு?" என்பதுதான். பரங்கிமலையைக் கணக்கில் சேர்த்தாலும் ஊர் தட்டைதான். பள்ளிக்கரணை, எண்ணூர், முட்டுக்காடு, பழவேற்காடு என்று எங்கே போய் நின்றாலும் ஒரு கிடைக்கோடு, மேலே வானம், கீழே தண்ணீர். நடுவில் நாலு பனை, இல்லையென்றால் ஒரு புகைபோக்கி. லினோவுக்கு, அதாவது மென்மையான பலகையை உளியால் செதுக்கி, மேடாக நிற்கும் இடத்தில் மை உருட்டித் தாளில் அச்செடுக்கும் முறைக்கு, இதைவிடத் தோதான நிலம் கிடையாது என்பது என் கட்சி. மை பட்ட இடம், படாத இடம் என்று இரண்டே இரண்டை வைத்துக்கொண்டு பிழைக்கிற ஊடகம் அது. ஒரு கோட்டை எங்கே வைப்பது, எதை வெள்ளையாக விடுவது என்ற முடிவிலேயே பாதிப் படம் வந்துவிடும்.

1792இல் மதராஸ் வந்த ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் பிறகு லண்டனில் அச்சிட்ட நம்மூர்க் காட்சிகளில் வானம் மெல்ல மெல்ல வெளுக்கும். அது அக்வாடின்ட். செப்புத் தகட்டில் பிசின் பொடியைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரித்துப் பெறுவது. அந்த மென்மையை லினோவில் உளியால் பிடிக்கப் பார்த்தால் வானம் முழுக்கக் கீறலாகத்தான் முடியும்.

லினோ என்பது ஆளிவிதை எண்ணெய், தக்கைத் தூள், மரத்தூள் எல்லாம் சேர்த்துச் சணல் துணியில் படியவைத்தது. பிரிண்டுக்கு 3 மி.மீ.க்குச் சற்று மேல் கனமுள்ள சாம்பல் நிற லினோ போதும். பழசானால் இறுகி, ஓரம் பொடிந்து உதிரும். குளிர்நாடுகளில் அயர்ன் பாக்ஸ் வைத்துச் சூடேற்றுவார்கள்; இங்கே ஐந்து நிமிடம் மொட்டை மாடி வெயில் போதும். அதற்கு மேல் விட்டால் குழைந்து, நுண்கோட்டின் ஓரம் உளியோடு பிய்ந்து வரும்.

அச்சில் இடவலம் மாறும் என்பது எல்லோருக்கும் தெரியும், மறப்பதும் எல்லோரும்தான். மெரினாவில் வடக்கே பார்த்து நின்றால் கடல் வலப்பக்கம். வரைந்ததை அப்படியே லினோவில் ஏற்றினால் அச்சில் கடல் திருவல்லிக்கேணிப் பக்கம் போய்விடும், பார்க்கிற முதல் ஆளே சொல்லிவிடுவார். டிரேசிங் பேப்பரில் மென்மையான பென்சிலால் வரைந்து, அதைக் கவிழ்த்து லினோவில் தேய்த்தால் போதும். பென்சில் கோட்டின் மேல் மார்க்கரால் ஒரு தடவை போய்விடுங்கள், இல்லாவிட்டால் கை பட்டே அழியும்.

செதுக்கும்போது உளிக்கு முன்னால் கை வரவே கூடாது. மேசை விளிம்பில் மாட்டும் தடுப்புப் பலகை ஒன்று இருந்தால் காயம் பாதி குறையும். வி உளியை (முனை வி எழுத்து வடிவில் இருப்பது) சாய்வாகப் பிடித்து, மிஞ்சி நிற்கும் கோடு அடியில் அகலமாக இருக்கும்படி வெட்ட வேண்டும். அடிப்பக்கம் குடைந்துவிட்டால் பத்தாவது அச்சில் பனையோலை முறிந்து ரோலரோடு போகும்.

தண்ணீர்தான் கஷ்டம். தொடுவானத்துக்குப் பக்கத்தில் கோடுகள் மெல்லியதாக, நெருக்கமாக, நீளமாக. கீழே வரவர அகலமாக, குட்டையாக, இடைவெளி விட்டு. கோரைப்புல் நிற்கிற இடத்தில் கிடைக்கோடு முறிய வேண்டும், புல்லைச் சுற்றி வளையக் கூடாது. வளைந்தால் ஏரி குழியாகத் தெரியும். வானத்தை யு வடிவ முனையுள்ள உளியால் அப்புறப்படுத்தும்போது பள்ளங்களுக்கு நடுவே சின்ன மேடுகள் மிஞ்சும், அவற்றிலும் கொஞ்சம் மை ஏறும். பலர் அதை முழுக்கச் சுரண்டி எடுக்கப் பார்க்கிறார்கள். வேண்டாம். உளியை ஒரே திசையில், காற்று வீசுகிற பக்கமாக ஓட்டினால் அந்த மிச்சமே மேகமாகும். நாலு திசையிலும் ஓட்டினால் அழுக்கு.

மைக்கு, இப்படி மேட்டிலிருந்து அச்செடுப்பதற்கென்றே உள்ள ரிலீஃப் மை வாங்கலாம். அச்சகங்களில் ஓடும் ஆஃப்செட் மையும் ஓடும், விலையும் குறைவு. ஆனால் ஆஃப்செட் மை இளக்கமாகவும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். மெக்னீசியம் கார்பனேட் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து இறுக்கிக்கொள்ள வேண்டும். கண்ணாடிப் பலகையில் உருட்டும்போது காதைக் கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய, சீரான சரசரப்பு வந்தால் சரி. சளசளவென்று சத்தம் வந்து, மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக எழும்பினால் மை அதிகம். கோரைப்புல் கோடெல்லாம் அடைபடும்.

விடியற்கால வானத்துக்கு மஞ்சளிலிருந்து சாம்பல் நீலத்துக்கு இறங்கும் வண்ணம் வேண்டுமானால், ஒரே ரோலரில் இரண்டு மையையும் அருகருகே வைத்து உருட்டுவது வழி. வண்ணம் ரோலரின் நீளவாக்கில் மாறுவதால், ரோலரைத் தொடுவானக் கோட்டோடு கிடையாக ஓட்ட வேண்டும். வானம் 12 செ.மீ. உயரம் என்றால் 15 செ.மீ. ரோலராவது வேண்டும். சின்ன ரோலரை இரண்டு வரிசையாக ஓட்டினால் நடுவில் ஒரு கோடு விழும், அது எந்த வித்தைக்கும் மறையாது. பிளாக் (செதுக்கிய லினோ) நீளமாக இருந்தால் இன்னொரு சிக்கல்: 5 செ.மீ. விட்டமுள்ள ரோலர் ஒரு சுற்றுக்கு 15.7 செ.மீ.தான் போகும், அதற்குப் பிறகு மை மெலிந்து தடம் தெரியும். ஒரே ஓட்டத்தில் முடிக்காமல் எடுத்து எடுத்து, ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் தொடங்க வேண்டும்.

பல வண்ணம் என்றால் ஒரே பிளாக்கைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகும் முறை நிலக்காட்சிக்கு நன்றாகப் பொருந்தும். முதலில் வெள்ளையாக இருக்க வேண்டியதை மட்டும் வெட்டி, வெளிர் வண்ணத்தை எல்லாத் தாளிலும் அடிப்பது. பிறகு வெளிராகவே நிற்க வேண்டியதை வெட்டிவிட்டு அடுத்த வண்ணம். கடைசியில் மிஞ்சும் பனையும் கரையும் அடர் நிறத்தில். திரும்பிப் போக வழியில்லை, இரண்டாவது வெட்டு விழுந்த பிறகு ஒரு தாள்கூடக் கூட்ட முடியாது. 20 பிரதி வேண்டுமென்றால் 28 தாளோடு தொடங்குங்கள், ஒவ்வொரு வண்ணத்திலும் ஒன்றிரண்டு போகும். தாளும் பிளாக்கும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார, அட்டையில் எல் வடிவ மூலை ஒன்றை ஒட்டி வைப்பது எளிது. பிரஸ் இல்லாவிட்டால் மெல்லிய தாளில் எவர்சில்வர் கரண்டியின் முதுகால் தேய்த்தே எடுக்கலாம். 250 ஜிஎஸ்எம் கனமுள்ள கைக்காகிதத்துக்கு அது ஆகாது, தோள்பட்டைதான் போகும்.

சென்னையில் இந்த முறையைக் கெடுப்பது ஈரப்பதம். காகிதம் ஈரத்தில் விரியும். முதல் வண்ணத்தை வெயில் நாளிலும் இரண்டாவதை மழை நாளிலும் அடித்தால் தொடுவானம் இரட்டையாகத் தெரியும். அடிக்கப் போகிற அறையிலேயே தாளை இரண்டு நாள் பிரித்து வைத்துவிட்டு, ஏசி போடுவதானால் கடைசி வண்ணம்வரை போடுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள். எண்ணெய் மை காற்றோடு சேர்ந்துதான் இறுகும். ஐப்பசி மழையில் ஒரு வண்ணம் காய நாலைந்து நாள்கூட ஆகும். அவசரப்பட்டு, மையைச் சீக்கிரம் காயவைக்கும் கோபால்ட் டிரையரைக் கூடுதலாக ஊற்றினால் மை பளபளவென்று இறுகி, அடுத்த வண்ணம் மேலே ஒட்டாமல் திட்டுத்திட்டாக நிற்கும். ஒரு கரண்டி மைக்கு ஒரு சொட்டு போதும். வெளிர் வண்ணங்களில் பாதிக்கு மேல் ஒளிபுகும் பேஸ் (நிறமில்லாத மை) கலந்து மெல்லிசாக அடிப்பது அதைவிட நல்ல வைத்தியம்.

துடைக்கச் சமையல் எண்ணெயும் பழைய வேட்டியும், பிறகு சோப்பும் போதும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய துணியை மட்டும் சுருட்டிக் குப்பைக் கூடையில் போடாதீர்கள். உலரும்போது அது தானே சூடேறும், குவியலாக இருந்தால் தீயே பிடிக்கலாம். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போடுங்கள்.

கற்றுக்கொடுப்பதாக இருந்தால் முதல் வகுப்பில் 10க்கு 15 செ.மீ. லினோ, ஒரே ஒரு வி உளி, ஒரே கறுப்பு. பிளாக்கை முழுக்க மார்க்கரால் கறுப்பாக்கிவிட்டுக் கொடுத்தால், வெட்டுகிற ஒவ்வொரு கோடும் அச்சில் எப்படி வரும் என்பது அங்கேயே தெரியும். பெரியவர்கள் இலை இலையாகச் செதுக்கத் தொடங்கி, அரை மணியில் மரத்தைக் கூழாக்குவார்கள். குழந்தைகளிடம் அந்தத் தொல்லை குறைவு, அவர்களுக்குப் பனை என்றால் ஒரு கம்பமும் ஒரு பந்தும்தான். அச்சில் அதுதான் நிற்கும். உளியைத் தீட்டக் கற்றுத்தராமல் வகுப்பை முடிக்காதீர்கள். மொக்கை உளிதான் கையை வெட்டும்.

கண்காட்சி என்றால் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியோ, சோழமண்டலம் ஓவியர் கிராமமோ, எங்கே மாட்டினாலும் வரும் கேள்வி ஒன்றுதான்: "இது ஒரிஜினலா, பிரிண்டா?" வாயால் விளக்கி மாளாது. மை காய்ந்த பிளாக்கையும், அதில் எடுத்த இரண்டு பிரதியையும் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இடது கீழே 5/20 (இருபதில் ஐந்தாவது பிரதி) என்று பென்சிலில் எண், நடுவில் தலைப்பு, வலப்பக்கம் கையெழுத்து. பேனா வேண்டாம், சில மைகள் வெளுத்துவிடும். பிரதிகளில் சிலவற்றைச் சட்டமில்லாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு மேசையில் வைப்பது கட்டாயம். தாளைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள்தான் பெரும்பாலும் வாங்குகிறார்கள். விலையை எல்லாப் பிரதிக்கும் ஒன்றாக வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. கடைசிப் பிரதிக்கு ஏற்றுவது நடைமுறைதான், ஆனால் முதல் நாளே அதை எழுதிப் போட வேண்டும்.

சட்டம் போடும்போது பிரிண்ட் கண்ணாடியைத் தொடக் கூடாது. நடுவில் அமிலமில்லாத மவுண்ட் அட்டை இருக்கட்டும். தொட்டால் மழைக்காலத்தில் உள்ளே ஈரம் வேர்த்து, தாள் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பழுப்புப் புள்ளியும் விழும். செல்லோடேப் ஆகவே ஆகாது. ஜப்பானியத் தாள் துண்டையும் கோதுமைப் பசையையும் வைத்து மேல் விளிம்பில் மட்டும் தொங்கவிடுங்கள், காகிதம் விரியச் சுருங்க இடம் கிடைக்கும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் இரண்டு ரப்பர் பொட்டு ஒட்டினால் சுவருக்கும் அதற்கும் நடுவே காற்று போகும். வெளிச்சுவராக இருந்தால், அங்கே மாட்ட வேண்டாம் என்று வாங்குபவரிடமே சொல்லி அனுப்புங்கள்.