கோவையிலிருந்து கூப்பிட்டாலும் மயில் வர வேண்டும்

விருதுநகர் வீட்டில் மூன்று கணினிகள் இருக்கின்றன. ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினிக்குக் குயில் என்று பெயர். குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் இருக்கும் பழைய மேசைக் கணினி மயில். அப்பாவின் மடிக்கணினி சிட்டு. வீட்டுக்குள் மயில் என்று தட்டினால் போதும், கோப்புகள் திறந்துவிடும். குயிலில் வயர்கார்டு என்ற வி.பி.என். (வெளியூரிலிருந்து இணையம் வழியாக வீட்டு நெட்வொர்க்கில் சேர உதவும் தனிப் பாதை) அமைத்து, பெங்களூரில் நானும் கோவையில் அக்காவும் வீட்டோடு இணைந்த பிறகு அந்தச் சுகம் போய்விட்டது. 192.168.1.20 என்று மயிலின் முகவரி எண்ணைத் தட்டினால் எனக்கு அது கிடைத்தது. பெயரைத் தட்டினால் அப்படி ஒரு கணினியே இல்லை என்று பதில் வந்தது. "இந்த எண்ணையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வது தம்பி? பெயர்தான் வைத்திருக்கிறாயே!" என்றாள் அக்கா. அவள் கேட்டது நியாயம்தான். ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் அதற்குப் போயின.

வீட்டுக்குள் மட்டும் பெயர் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்தேன். நெட்வொர்க்கில் போய்வருவதைக் காட்டும் டி.சி.பி.டம்ப் என்ற நிரலைக் குயிலில் ஓடவிட்டு, சிட்டிலிருந்து மயிலைத் திறக்கும்படி அப்பாவிடம் சொன்னேன். 224.0.0.251, போர்ட் 5353 என்று வரிகள் வந்து விழுந்தன. எம்.டி.என்.எஸ். என்ற பெயர் தேடும் முறை அது. "மயில் யார்?" என்று சிட்டு வீடு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுக்கிறது, "நான்தான்" என்று மயிலே முகவரியோடு பதில் சொல்கிறது. விண்டோஸ் பயன்படுத்தும் எல்.எல்.எம்.என்.ஆர்., அதற்கும் மூத்த நெட்பயாஸ் இரண்டும் இப்படிக் குரல் கொடுத்துத் தேடுபவைதான். 224.0.0 என்று தொடங்கும் முகவரிக்குப் போகும் பாக்கெட்டை (தகவல் துண்டை) எந்த ரவுட்டரும் அடுத்த நெட்வொர்க்குக்குக் கடத்தக் கூடாது என்பது விதி. வயர்கார்டோ ஒவ்வொரு பாக்கெட்டையும் அதற்குரிய ஒரே ஓர் ஆளிடம்தான் சேர்க்கும். எல்லோருக்கும் ஒன்றாகச் சொல்லும் ஏற்பாடே அதில் கிடையாது. டி.சி.பி.டம்ப்பை வி.பி.என். பக்கம் திருப்பிவிட்டு, பெங்களூரில் மயில் என்று தட்டினேன். ஒரு வரிகூட வரவில்லை. என் அறையில் கொடுத்த குரல் என் அறையோடு நின்றுவிடுகிறது. இனிக் குரல் கொடுத்துப் பயனில்லை, விவரம் தெரிந்த ஒருவரிடம் நேரே போய்க் கேட்டாக வேண்டும்.

முதலில் ஒவ்வொரு கணினியின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் பெயரையும் எண்ணையும் எழுதி வைத்தேன். இரண்டு நாள் ஓடியது. செல்பேசியில் அப்படி எழுத வழியில்லை, ஓர் எண் மாறினால் எல்லா இடத்திலும் மாற்ற வேண்டும். இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டிலும் ஒரு காலத்தில் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் பராமரித்த ஒரே ஹோஸ்ட்ஸ் கோப்பைத்தான் எல்லோரும் நகலெடுத்துக்கொண்டிருந்தார்கள். அது தாங்காமல்தான் 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பெயரைக் கேட்டால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். முறையை வடிவமைத்தார். நானும் அந்த வழிக்கே போனேன்.

குயிலில் டி.என்.எஸ்.மாஸ்க் என்ற டி.என்.எஸ். சர்வரை நிறுவினேன். இலகுவான, சின்ன நிரல். வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமானது வேண்டியதில்லை. டொமைனுக்கு, அதாவது வீட்டுக் கணினிப் பெயர்களின் பொதுப் பின்னொட்டுக்கு, .லோக்கல் என்று வைக்காதீர்கள், அது எம்.டி.என்.எஸ்.ஸுக்கென்று ஒதுக்கப்பட்டது. வீட்டு நெட்வொர்க்குகளுக்காகவே ஹோம்.ஆர்பா 2018-இல் ஒதுக்கப்பட்டிருக்கிறது, அதையே வைத்தேன். பிறகு எங்கள் எல்லோருடைய வயர்கார்டு அமைப்புக் கோப்பிலும் டி.என்.எஸ். என்ற வரியில் குயிலின் வி.பி.என். முகவரியான 10.8.0.1-ஐயும், காற்புள்ளி போட்டு ஹோம்.ஆர்பாவையும் சேர்த்தேன். அந்தக் காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் வெறும் மயிலை மயில்.ஹோம்.ஆர்பா ஆக்குகிறது. ஃபயர்வாலில் டி.என்.எஸ். கேள்விகள் வரும் போர்ட் 53-ஐத் திறந்ததும் பெங்களூரில் மயில் வந்துவிட்டது.

கோவையில் வரவில்லை. அக்காவின் திரையைப் பகிரச் சொல்லிப் பார்த்தேன். மயில் என்று கேட்டதற்கு 192.168.1.20 என்று சரியான பதிலே வந்திருந்தது. ஆனால் அவள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 வரிசையைத்தான் பயன்படுத்துகிறது. எண் தன் வீட்டில்தான் இருக்கிறது என்று நினைத்து, அவளுடைய மடிக்கணினி அங்கேயே தேடிக்கொண்டிருந்தது. கடையிலிருந்து வரும் ரவுட்டர்களில் பாதி இதே வரிசையோடுதான் வருகின்றன போலும். அடுத்த முறை ஊருக்குப் போனபோது விருதுநகர் வீட்டை 10.47.12 வரிசைக்கு மாற்றினேன். குயிலில் சில வரிகள், வயர்கார்டில் அனுமதித்த முகவரிகள், அவ்வளவுதான் வேலை. எல்லாக் கணினிகளின் எண்களும் மாறின, யாரும் எதையும் புதிதாக நினைவு வைக்க வேண்டியிருக்கவில்லை.

பத்து நாள் கழித்து அப்பா அழைத்தார். "கரண்ட் வந்துவிட்டதப்பா, இன்டர்நெட் மட்டும் வரவில்லை." வீட்டில் உள்ள எல்லாமே இப்போது குயிலிடம்தான் பெயர் கேட்கின்றன, அதன் டி.என்.எஸ்.மாஸ்க் எழுந்திருக்கவே இல்லை. 10.8.0.1 என்று எண்ணைப் போட்டு உள்ளே போய்ப் பதிவேட்டைப் பார்த்தேன். வயர்கார்டு எழுவதற்கு முன்பே டி.என்.எஸ்.மாஸ்க் எழுந்து, டபிள்யூ.ஜி.0 என்ற வயர்கார்டின் இன்டர்ஃபேஸை (இணைப்பு வாயிலை)க் காணோம் என்று படுத்துவிட்டது. பைண்ட்-இன்டர்ஃபேஸஸ் என்று நான் எழுதியிருந்ததை பைண்ட்-டைனமிக் என்று மாற்றினேன். இப்போது இன்டர்ஃபேஸ் பின்னால் வந்தாலும் சேர்த்துக்கொள்கிறது. குயிலை மூன்று முறை அணைத்து எழுப்பிப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் சரியாகிவிட்டது என்று சொன்னேன்.

அதே மின்வெட்டின்போது அக்காவுக்கும் எந்தத் தளமும் திறக்கவில்லையாம். வி.பி.என். இணைந்திருக்கும்போது அவளுடைய எல்லாக் கேள்விகளும் விருதுநகருக்கு வருகின்றன. இது சரியில்லை; ஹோம்.ஆர்பா பற்றிய கேள்வி மட்டும் குயிலுக்கு வந்தால் போதும். அவளுடைய விண்டோஸில் வயர்கார்டின் டி.என்.எஸ். வரியை நீக்கிவிட்டு, பவர்ஷெல் கட்டளைச் சாளரத்தில், எந்தப் பெயரை எந்த டி.என்.எஸ். சர்வரிடம் கேட்க வேண்டும் என்று சொல்லும் என்.ஆர்.பி.டி. விதி ஒன்றை எழுதி, வெறும் பெயரோடு சேர்க்க வேண்டிய பின்னொட்டுகளின் தேடல் பட்டியலிலும் ஹோம்.ஆர்பாவைச் சேர்த்தேன். என் லினக்ஸில் அதே வேலைக்கு ரிசால்வ்சி.டி.எல். கட்டளை. அதில் டொமைனுக்கு முன்னால் அலைக்குறி (~) போட்டால் முழுப் பெயர்தான் வேலை செய்யும், பின்னொட்டைத் தானே சேர்க்காது. அதைக் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுதும் போயிற்று.

நேற்று அக்கா மயில் என்று தட்டி, தாத்தாவின் அறுபதாம் கல்யாணப் படங்களைத் திறந்தாள். அச்சுப்பொறி இன்னும் பாக்கி. பெயர் சொன்னால் கிடைக்கிறது, ஆனால் கணினி தானாகத் தேடும்போது பட்டியலில் வருவதில்லை. அந்தத் தேடலும் எம்.டி.என்.எஸ். வழியாகத்தான் நடக்கிறது. அச்சுப்பொறி எங்கே இருக்கிறது என்று சொல்லும் சேவைப் பதிவுகளையும் குயிலிலேயே எழுதிப் பார்க்கப் போகிறேன்.