காந்தம் முதலில், கண்ணாடி கடைசியில்

அக்கா பையன் போன மாதம் என்னோடு பழைய இரும்புத் தொழிலுக்கு வந்தான். பன்னிரண்டாவது முடித்துவிட்டு ஒரு வருடம் சும்மா இருந்தவன். "மாமா, என்னென்ன வாங்கணும்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க" என்றான். சரி என்று எழுத உட்கார்ந்தேன். நான் எதை எப்போது வாங்கினேன் என்று யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. காசு சம்பாதித்துக் கொடுக்கிற சாமான்களை எல்லாம் முதல் வருடத்திலேயே வாங்கிவிட்டேன். உடம்பைக் காப்பாற்றுகிற சாமான் ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு காயத்துக்கு மறுநாள்தான் வாங்கியிருக்கிறேன்.

முதலில் வந்தது காந்தம். வாங்கினேன் என்று சொல்வதே தப்பு. கோவை உக்கடத்தில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த பாய், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து ஒன்றைப் பெயர்த்துக் கொடுத்தார். அப்போது என்னிடம் ஒரு சைக்கிளும் நாலு சாக்கும்தான். பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலம் எனக்கு முந்தியது. நான் தெருவில் இறங்கும்போது பழம் போய்ப் பணம் வந்துவிட்டது, கூவுவது மட்டும் மிச்சம் இருந்தது. இப்போது அதையும் பதிவு செய்து ஸ்பீக்கரில் ஓட விடுகிறோம்.

காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் நல்ல காசு. அவ்வளவுதான் கணக்கு என்று நினைத்துக்கொண்டு ஆவாரம்பாளையம் பக்கம் ஒரு வீட்டில் ஆறு தண்ணீர்க் குழாய்களைப் பித்தளை விலைக்கு எடுத்தேன். மேலே பளபளவென்று குரோமியப் பூச்சு, காந்தமும் ஒட்டவில்லை. பாய் ஒன்றைக் கையில் வாங்கி, அரத்தால் ஓரத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார். மஞ்சள் வர வேண்டிய இடத்தில் சாம்பல் பூத்த வெள்ளை வந்தது. துத்தநாகக் கலவையில் வார்த்த குழாய். "இது இரும்பில்லைனு மட்டும்தான் தம்பி காந்தம் சொல்லும். என்னன்னு அரம்தான் சொல்லும்" என்றார். அன்றைய கூலி போச்சு. மறுநாள் அரம் வாங்கினேன்.

எவர்சில்வரில் காந்தம் வேறு விதமாகக் குழப்பும். குடத்தின் வயிற்றில் ஒட்டாது, அதே குடத்தின் மடித்த விளிம்பில் லேசாகப் பிடிக்கும். அழுத்தி வளைத்த இடத்தில் உலோகத்தின் குணமே கொஞ்சம் மாறிவிடுகிறது. இது தெரியாமல் நல்ல எவர்சில்வரை இரும்பு விலைக்குக் கடையில் தள்ளிவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அதில் ஒருவன்.

அப்புறம் சுத்தியல், உளி, ஆக்ஸா பிளேடு, கட்டிங் பிளேயர், ஸ்பேனர் செட், கடப்பாரை எல்லாம் வரிசையாக வந்தன. கம்பி ஏற்றினால் பின்னால் கட்டச் சிவப்புத் துணி. தராசு மட்டும் யோசித்து வாங்க வேண்டும். கொக்கியில் மாட்டுகிற ஸ்பிரிங் தராசில் முள் ஆடிக்கொண்டே இருக்கும், வாசலில் நிற்கிற அக்காவுக்கு நம்பிக்கை வராது. எலக்ட்ரானிக் தராசு வாங்கி வருடா வருடம் முத்திரை போட்டு வைத்தால், எண்ணை அவரே படித்துக்கொள்வார். பேரம் பாதி குறையும்.

இனி மற்றக் கணக்கு. தகர பீரோ ஒன்றைப் பிரித்தபோது வெட்டுவாய் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இறங்கியது. போட்டிருந்தது நூல் கையுறை. தகரத்துக்கு அது காகிதம் மாதிரி, ரத்தத்தை உறிஞ்சிக்கொள்ள மட்டும் உதவியது. ஆறு தையல். அதற்கப்புறம் தோல் கையுறை. ஆனால் தோல் கையுறையோடு திருகாணி பொறுக்க முடியாது, ஒயர் உரிக்க முடியாது. அதனால்தான் பலர் வாங்கிய ஒரு வாரத்தில் கழற்றி வண்டியில் போட்டுவிடுகிறார்கள். என்னிடம் இரண்டு ஜோடி உண்டு. தகரத்துக்குத் தோல், பொறுக்குவதற்கு உள்ளங்கையில் ரப்பர் பூசிய மெல்லிசு. ஒயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிற வேலை என்னிடம் கிடையாது. அந்தப் புகை நஞ்சு, எரிந்து கறுத்த செம்புக்குக் கடையில் விலையும் குறைவு.

ஹவாய் செருப்போடு ஐந்து வருடம் ஓட்டினேன். பழைய ஜன்னல் சட்டத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஆணி செருப்பைத் துளைத்துக் குதிகாலில் ஏறிய அன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். துரு உள்ளே போய்விட்டது என்று புலம்பினேன். அங்கிருந்த சிஸ்டர், "டெட்டனஸ் துருவால வர்றதில்லீங்க, மண்ணுல இருக்கிற கிருமியால வர்றது. கடைசியா எப்ப ஊசி போட்டீங்க?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பத்து வருடத்துக்கு ஒருமுறை போட வேண்டிய ஊசியாம். ஆழமான, அழுக்குப் பட்ட காயமாக இருந்தால் ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே போட்டுக்கொள்ளச் சொன்னார். அன்றிலிருந்து ஊசி போட்ட தேதி என் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. வரும் வழியிலேயே முன்பக்கம் இரும்பு வைத்த ஷூ வாங்கினேன்.

கண்ணாடிக் கதைதான் பெரிது. கையில் பிடிக்கிற கிரைண்டரில் நாலு அங்குலச் சக்கரம் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். சக்கரத்தை மூடியிருக்கிற கார்டைக் கழற்றிவிட்டால் வெட்ட வசதி என்று கழற்றி எறிந்திருந்தேன். மோட்டார் மூடியின் போல்ட்டை அறுத்துக்கொண்டிருந்தபோது வலது கண்ணில் சுருக்கென்றது. தண்ணீர் அடித்துக் கழுவினேன், சரியாகிவிட்டது போல இருந்தது. ராத்திரி கண்ணை மூடினால் இமைக்குள் மணல் உருளுகிறது. விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் கண் டாக்டர் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, ஊசி முனையால் ஒரு கரும்புள்ளியை எடுத்தார். பொடியிலும் பொடி. "எடுத்தாச்சு, ஆனா இரும்பு உக்காந்த இடத்தைச் சுத்தித் துரு வளையம் பிடிச்சிருக்கு, அதையும் சுரண்டணும்" என்றார். ஒரே ராத்திரியில் கண்ணுக்குள் துரு! தினமும் துருவை எடை போட்டு விற்கிற எனக்கு அது சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நூறு ரூபாய்க்குள் கிடைக்கிற கண்ணாடியை அதற்கு முன் எத்தனையோ தடவை ஹார்டுவேர் கடையில் பார்த்துவிட்டு வாங்காமல் வந்திருக்கிறேன். கார்டும் திரும்ப மாட்டப்பட்டது. வெட்டும் சக்கரத்தின் நடு வளையத்தில் காலாவதி தேதி அடித்திருக்கும் என்பதும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

கையுறையும் கண்ணாடியும் காப்பாற்றாத சங்கதிகள் உண்டு. ஜிஐ பைப்பை கேஸ் கட்டரால் வெட்டினால் வெள்ளைப் புகை வரும், துத்தநாகப் பூச்சு எரிகிறது. மூக்கில் துண்டு கட்டியிருந்தும் அன்று சாயங்காலமே எனக்குக் குளிரும் காய்ச்சலும். மறுநாள் தானாக விட்டுவிட்டது, கொசுக்கடி என்று நினைத்தேன். மூன்றாம் தடவைதான் பைப்புக்கும் காய்ச்சலுக்கும் முடிச்சுப் போட முடிந்தது. இப்போது பைப்பை ஆக்ஸா பிளேடால் அறுக்கிறோம். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

மூடிய டிரம்மை எங்கள் பாய் எந்த நாளும் வெட்ட விட்டதில்லை. காலி டிரம்மில் தின்னர் வாடை மிச்சமிருந்தாலே போதும், கட்டர் பட்டதும் வெடிக்கும். முழுசாகவே கைமாற்றுவார். புது பிரிட்ஜ்களில் கம்ப்ரஸர் மேல் மஞ்சள் முக்கோணத்தில் தீ படம் ஒட்டியிருந்தால் உள்ளே இருப்பது எரியும் வாயு. அந்த இடத்தில் கிரைண்டரும் வேண்டாம், கட்டரும் வேண்டாம். மைக்ரோவேவ் அடுப்பு கையில் வந்தால் பிளக்கைப் பிடுங்கியாச்சே என்று கை வைக்கக் கூடாது. உள்ளே இருக்கிற கெப்பாசிட்டர் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

பாயின் கல்லாவுக்கு மேலே 2010 செய்தித்தாள் துண்டு ஒன்று வெகுநாள் ஒட்டியிருந்தது. அந்த வருடம் டெல்லி மாயாபுரியில், பல்கலைக்கழக ஆய்வகம் 1985 முதல் பயன்படுத்தாமல் வைத்திருந்து ஏலம் விட்ட கருவியைப் பழைய இரும்புக்காரர்கள் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. சுற்றிலும் கனமான ஈயக் கவசம். ஈயம் என்றால் எங்களுக்கு வாயூறும், அவர்களும் அப்படித்தான் இறங்கியிருப்பார்கள். ஒருவர் இறந்தார், பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறி மாதிரியான குறியைப் பாய் பேனாவால் பக்கத்தில் வரைந்து வைத்திருந்தார். கடைக்கு வருகிற புதுப் பையன்களிடம் விலைப்பட்டியலைக் காட்டும் முன் அதைத்தான் காட்டுவார். "இதப் பாத்தா தொடாத. தள்ளி நின்னு போலீசுக்குப் போன் போடு" என்பார்.

சீட்டை எழுதி முடித்தேன். கண்ணாடி, ஷூ, இரண்டு ஜோடிக் கையுறை, ஊசி என்று மேலே எழுதி, காந்தத்தையும் அரத்தையும் கீழே தள்ளினேன். பையன் படித்துவிட்டுச் சிரித்தான். எல்லாம் வாங்கிக் கொடுத்தாயிற்று.

நேற்று மத்தியானம் பட்டறைப் பின்பக்கம் கிரைண்டர் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கார்டு இருந்தது, ஷூ இருந்தது. கண்ணாடி நெற்றியில் இருந்தது.

"டேய்!"

"வேர்த்து ஒண்ணுமே தெரியல மாமா" என்றான். பொய் சொல்லவில்லை. இந்த வெயிலில் அது ஐந்து நிமிடத்தில் மூடுபனி போட்டுவிடும், நானே எத்தனை தடவை ஏற்றி விட்டிருக்கிறேன். ஸ்விட்சை அணைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி என் துண்டால் துடைத்து அவனிடம் திரும்பக் கொடுத்தேன்.