எண்சாண் உடம்பும் ஐந்தாம் சுற்றும்

சனிக்கிழமை கத்தியதில் போன குரல் இன்னும் திரும்பவில்லை. இன்று ஆபீஸ் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. மானேஜர் காய்ச்சலா என்று கேட்டார். டிராஃப்ட் என்றேன். அவர் பிட்ஸ்பர்க்காரர். பரிதாபமாக ஒரு பார்வை பார்த்துவிட்டு மீட்டிங்கை அப்படியே முடித்துவிட்டார். கிளீவ்லாந்தில் குடியிருப்பதில் இது ஒரு சௌகரியம். எங்கள் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் டீமான பிரவுன்ஸின் ரசிகன் என்று சொன்னால் போதும், துக்க வீட்டுக்காரனுக்குக் கொடுக்கிற மரியாதையைக் கொடுத்துவிடுவார்கள்.

ஏப்ரல் மாதக் கடைசியில் டிராஃப்ட் பார்க்க வருகிறவர்களால் எங்கள் வீடு நிரம்பிவிடும். இந்த 2025-ல் கூடுதலாக அப்பா வந்திருக்கிறார். கிளீவ்லாந்து தியாகராஜ ஆராதனையைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அக்காதான் மன்னார்குடியிலிருந்து பிளேன் ஏற்றிவிட்டாள். முப்பத்துச் சொச்சம் வருஷம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவருக்கும் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரு கச்சேரி முழுக்க உட்கார்ந்து கேட்டார். வெளியே வந்து, "நல்லாத்தான் மூச்சுப் பிடிச்சுப் பாடறாங்க. நம்ம பசங்க ஓடிக்கிட்டே பாடுவானுங்க" என்றார். கபடியைச் சொல்கிறார். அதோடு ஆராதனை முடிந்தது.

அப்புறம்தான் டிராஃப்ட் வந்தது.

"டிராஃப்ட் எடுக்கணும்னா பேங்குக்குல்ல போகணும்? எல்லாரும் எதுக்கு நம்ம வீட்டு சோபாவுல உக்காந்திருக்காங்க?"

அந்த டிராஃப்ட் இல்லை அப்பா என்று விளக்க ஆரம்பித்தேன். இது நம்ம ஊர் இன்ஜினியரிங் கவுன்சலிங் மாதிரி. காலேஜில் ஆடிய பையன்களை 32 டீமும் வரிசையாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்வார்கள். ஏழு சுற்று, மூன்று நாள். ஒரே வித்தியாசம், போன வருஷம் உள்ளதிலேயே மட்டமாக ஆடிய டீமுக்குத்தான் முதல் சீட்டு.

"ஃபெயிலானவனுக்கா முதல் சீட்டு?"

"ஆமாம்ப்பா."

"அப்ப தோக்கத் தோக்க லாபமா?"

"1999-லேர்ந்து எங்களுக்கு ஏகப்பட்ட லாபம்ப்பா."

நான் மிகைப்படுத்தவில்லை. 2017-ல் பதினாறு ஆட்டம் ஆடிப் பதினாறும் தோற்றோம். அதற்கு அடுத்த ஜனவரியில், பல்லோடு பல் ஒட்டிக்கொள்கிற குளிரில், ஜனங்கள் ஸ்டேடியத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். தோற்றதற்கு ஊர்வலம்! நானும் போனேன். போன சீசனில் மூன்று ஜெயம், பதினான்கு தோல்வி. அதனால் இந்த வருஷம் எங்களுக்கு இரண்டாவது சீட்டு. யாரை எடுப்பது என்று ஜனவரியிலிருந்து வீட்டில் சண்டை.

பெரியவன் டிராவிஸ் ஹன்டர் கட்சி. கொலராடோவில் ஆடிய பையன். பந்து பிடிக்கிற வேலையும் அவனே, எதிராளி பந்து பிடிக்காமல் தடுக்கிற வேலையும் அவனே. காலேஜ் ஆட்டக்காரர்களில் சிறந்தவனுக்குக் கொடுக்கிற ஹைஸ்மன் கோப்பையும் போன வருஷம் அவனுக்குத்தான். கல்யாண வீட்டில் சமையலும் பண்ணி நாதஸ்வரமும் வாசிக்கிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிற நண்பர் தாம்பரத்தார் ஷடூர் சாண்டர்ஸ் கட்சி. அதே கொலராடோவின் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிறவன். நூறு பந்து எறிந்தால் எழுபத்துநாலு போய்ச் சேர்கிற கை. பக்கத்து வீட்டுத் தாத்தா, குவார்ட்டர்பேக் என்கிற வார்த்தையே வேலிக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது, தடியான ஆளாகப் பார்த்து முன்வரிசைக்கு எடுங்கள் என்கிற கட்சி. 1964-ல் பிரவுன்ஸ் கடைசியாகச் சாம்பியன் ஆனபோது அவர் சின்னப் பையன். அந்தச் சந்தோஷத்தை இத்தனை வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டுக்கொண்டு சாப்பிடுகிறார். என் மனைவி, சீக்கிரம் முடிகிற கட்சி.

தாத்தா பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. 1999-லிருந்து கிட்டத்தட்ட நாற்பது குவார்ட்டர்பேக்குகளை ஆட்டத்தில் இறக்கிப் பார்த்தாயிற்று. 2007-ல் இருபத்திரண்டாவது சீட்டில் ஒரு குவார்ட்டர்பேக் எடுத்தோம், விளங்கவில்லை. 2012-ல் அதே இருபத்திரண்டில் இன்னொருவன். அவனுக்கு அப்போதே வயது இருபத்தெட்டு. நம்ம பக்கம் என்றால் இரண்டு குழந்தையை ஸ்கூலில் சேர்த்திருப்பான். 2014-ல் மறுபடியும் இருபத்திரண்டு, மறுபடியும் குவார்ட்டர்பேக், மறுபடியும் நாமம். சுடுகிறது என்று தெரிந்தே ஒரே அடுப்பில் மூன்று தடவை கை வைக்கிற டீம் உலகத்திலேயே இது ஒன்றுதான். கடைசியாக டெஷான் வாட்சன் என்கிற குவார்ட்டர்பேக்குக்காக மூன்று முதல் சுற்று சீட்டுகளையும் 23 கோடி டாலரையும் அள்ளிக் கொடுத்த கதையை இங்கே எடுக்க வேண்டாம். ஏற்கெனவே தொண்டை சரியில்லை.

அப்பா எல்லார் வாதத்தையும் கேட்டார். பையன்களை எப்படிப் பரிசோதிக்கிறார்கள் என்று விசாரித்தார். இண்டியானாபொலிஸில் வருஷா வருஷம் ஒரு தேர்வு நடக்கும், நாற்பது கஜம் ஓட விடுவார்கள், எடை தூக்க விடுவார்கள், குவார்ட்டர்பேக் என்றால் கையின் அளவு ரொம்ப முக்கியம் என்றான் பெரியவன். கையை விரித்துக் கட்டை விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனி வரை அளப்பார்களாம்.

"சாண்" என்றார் அப்பா.

அடடா. இருபது வருஷமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன், அது நம்ம சாண்தான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. அப்போது எங்களிடம் இருந்த குவார்ட்டர்பேக் கென்னி பிக்கெட்டுக்கு அந்தத் தேர்வில் எட்டரை அங்குலம்தான் வந்தது. இத்தனூண்டு கையா என்று நாடே சிரித்தது. அப்பா ஒரு நிமிஷம் மனக்கணக்குப் போட்டார். "எண்சாண் உடம்புன்னா இவன் அஞ்சடி எட்டங்குலம்தான் இருக்கணுமே?"

"ஆறடிக்கு மேல, தாத்தா" என்றான் பெரியவன்.

"அப்ப பிரம்மா எங்கயோ தப்பு பண்ணிட்டான்."

உடனே தையல் மிஷின் டிராயரிலிருந்து டேப் வந்தது. சோபாவில் இருந்த அத்தனை கையும் அளக்கப்பட்டது. தாம்பரத்தார் எட்டேகால், முகம் விழுந்துவிட்டது. தாத்தா ஒன்பது. அப்பாவின் கை ஒன்பதரை! எண்பது வயதில், பிக்கெட்டைவிட முழுசாக ஓர் அங்குலம் கூட. அன்றிலிருந்து தாத்தா இவரைக் 'கோச்' என்றுதான் கூப்பிடுகிறார். நான் அப்போது அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தேன். என் கையை யாரும் அளக்கவில்லை. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

வியாழன் ராத்திரி எட்டு மணிக்கு முதல் சுற்று. ஒவ்வொரு டீமுக்கும் யோசிக்கப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் குக்கர் மூன்று விசில் அடித்துவிடும், அரிசியும் ஒரு முடிவுக்கு வந்துவிடும், பிரவுன்ஸ் வராது. எங்கள் முறை வந்தது. பெரியவன் ஹன்டர் பேரைச் சொல்வதற்காகச் சோபா மேல் ஏறி நின்றான். டிவியில் சொன்னார்கள்: பிரவுன்ஸ் தன் இடத்தை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்துவிட்டது. பதிலுக்கு ஐந்தாவது இடம், முப்பத்தாறாவது, நூற்று இருபத்தாறாவது, அது போக அடுத்த வருஷம் ஒரு முதல் சுற்று சீட்டு.

"பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மனையைக் குடுத்துட்டு ஆத்துக்கு அந்தாண்ட நாலு மனை வாங்கியிருக்கான்" என்றார் தாம்பரத்தார்.

ஜாக்சன்வில் உடனே ஹன்டரை எடுத்தது. பெரியவன் சோபாவிலிருந்து இறங்காமல் அப்படியே நின்றான். கொஞ்ச நேரம் கழித்து இறங்கி, சாப்பாடு வேண்டாம் என்று மாடிக்குப் போனான். ஒரு மணிக்கு அடுப்படியில் மேகி வாசனை வந்தது. கொள்கை வேறு, பசி வேறு.

ஐந்தாவது இடத்தில் மேசன் கிரஹாம். முன்வரிசையில் நின்று முட்டுகிற, மலை மாதிரி ஆள். தாத்தா ஜனவரியிலிருந்து வேண்டிக்கொண்ட அதே வரம். எழுந்து கையை உயர்த்தினார். அப்போதுதான் எந்தக் காலேஜ் என்று திரையில் வந்தது. மிச்சிகன். ஒஹாயோக்காரனுக்கு அது காலேஜ் இல்லை, ஜென்ம விரோதி. அந்தப் பேரை வாயால் சொல்ல மாட்டார்கள், 'வடக்கே இருக்கிறதே, அந்த டீம்' என்பார்கள். இரண்டு டீமும் மோதுகிற வாரத்தில் ஒஹாயோ ஸ்டேட் வளாகத்தில் கண்ணில் படுகிற எம் எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். தாத்தா உயர்த்திய கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். மாப்பிள்ளை எல்லாம் பிடித்திருக்கிறது, பங்காளிச் சண்டைக் குடும்பத்துப் பையன் என்று தாம்பூலம் மாற்றும்போது தெரிந்தால் எப்படி இருக்கும்? "நல்ல ஆள்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலியைத் தாண்டிப் போய்விட்டார். மறுநாள் முப்பத்தாறாவது இடத்தில் ஒஹாயோ ஸ்டேட்டின் ஜட்கின்ஸ் வந்த பிறகுதான் அவர் வீட்டு வாசல் விளக்கு எரிந்தது.

வெள்ளிக்கிழமை அப்பா ஒரு சாய்ஸ் சொன்னார். முப்பத்து மூன்றாவதாக எடுத்த ஷ்வெசிங்கரைக் காலேஜில் முதலில் யாரும் கூப்பிடவில்லை, உதவித்தொகை கிடையாது, தானாகப் போய்ச் சேர்ந்து ஆடிய பையன் என்று பெரியவன் சொன்னதும், "இவன்தான் ஆள்" என்றார். அடுத்து ஹெரல்ட் ஃபானின். இங்கே பக்கத்தில் கான்டன் பையன். ஒரே சீசனில் 117 பந்து பிடித்தவன். நாலைந்து வீடியோ போட்டுக் காட்டினோம். அப்பா பந்தைப் பார்க்கவே இல்லை. "விழுந்ததும் யார் முதல்ல எந்திரிக்கிறான்னு பாரு. அவனை எடு. மத்ததெல்லாம் சொல்லிக் குடுத்துரலாம்" என்றார். முப்பது வருஷம் மண் தரையில் கபடி டீம் பொறுக்கியவருடைய மொத்த சாஸ்திரமும் அவ்வளவுதான். இண்டியானாபொலிஸுக்கு எவ்வளவு செலவு மிச்சம்!

தொண்ணூற்று நான்காவதாக ஒரு குவார்ட்டர்பேக். ஷடூர் இல்லை. டில்லன் கேப்ரியல். தாம்பரத்தார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். வண்டி இங்கேயே நின்றது. மனைவி வந்து ஓட்டிக்கொண்டு போனார்.

அந்த ஷடூர் விஷயத்தில் அப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. முதல் சுற்றில் போவான் என்று ஊரெல்லாம் பேசிய பையன். முதல் சுற்று போயிற்று, இரண்டு போயிற்று, மூன்றும் போயிற்று. அவனுக்கு முன்னால் ஐந்து குவார்ட்டர்பேக்குகளை எடுத்துவிட்டார்கள். ஏன் எடுக்கவில்லை என்று டிவியில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். தலைக்கனம் என்றார் ஒருவர். அப்பா கொடுத்த செல்லம் என்றார் இன்னொருவர்.

"அவங்கப்பாதான் கோச்சா?" என்று வியாழக்கிழமையே ஒரு தரம் கேட்டார். ஆமாம், டியான் சாண்டர்ஸ், அவரே பெரிய ஆட்டக்காரர், காலேஜ் முழுக்க அப்பாவிடமே ஆடினான் என்றேன். அப்பா 'ம்' என்றார். அதற்கப்புறம் சேனல் மாற்ற விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் நான் பின்பக்கம் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு அலறல். மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஐந்தாம் சுற்று, நூற்று நாற்பத்து நான்காவது இடம். பிரவுன்ஸ் இரண்டு சீட்டைக் கொடுத்து முன்னால் போய் ஷடூர் சாண்டர்ஸை எடுத்திருந்தது. வண்டியை எடுக்கக்கூட நிற்காமல் இரண்டு தெரு ஓடியே வந்திருந்த தாம்பரத்தார் சந்தோஷத்தில் கத்தினார். நான் கோபத்தில் கத்தினேன். ஏற்கெனவே வாட்சன், பிக்கெட், நாற்பது வயது ஃப்ளாக்கோ, நேற்று எடுத்த கேப்ரியல். இவனோடு பாண்டவர் ஐந்து பேர். பந்து ஒன்றுதானே ஐயா! ஒரு மணி நேரம் கத்தினோம். குரல் போனது அங்கேதான்.

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அப்பா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுபோனேன்.

"வாத்தியார் பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் அடி" என்றார். "டீம்ல எடுத்தா அப்பன் எடுத்தான்ம்பான். எடுக்கலைன்னா அப்பனே எடுக்கலைம்பான்."

நான் ஒன்றும் பேசவில்லை. 1987, ஒன்பதாம் வகுப்பு, மண்டலக் கபடிப் போட்டி. இவர்தான் டீம் போட்டார். பன்னிரண்டு பேரில் பன்னிரண்டாவது நான். நாலு ஆட்டமும் குளுக்கோஸ் பாக்கெட்டையும் எலுமிச்சம்பழத்தையும் வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நின்றேன். இது பற்றி முன்பே இரண்டு மூன்று முறை புலம்பியிருக்கிறேன். அப்பாவிடம் மட்டும் கேட்டதில்லை.

"நீ நல்லாத்தான் பாடுவ. மூச்சே விடமாட்ட. அந்தத் திருத்துறைப்பூண்டி மேட்ச்ல உன்னை இறக்கியிருந்தா ஜெயிச்சிருப்போம்."

முப்பத்தெட்டு வருஷம். ஸ்கோர்கூட ஞாபகம் வைத்திருந்தார், பதினெட்டுக்குப் பதினாறு. எனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. குரல் வரவில்லை. நிஜமாகவே வரவில்லை, கத்திய தொண்டை.

காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்தார். சட்டைப் பையிலிருந்து தையல் டேப்பை எடுத்தார்.

"கையக் குடு."

விரித்துக் காட்டினேன். கட்டை விரலைப் பிடித்து இழுத்து, சுண்டு விரலை நீட்டி, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றி, இரண்டு தடவை அளந்தார்.

"எட்டே முக்கால்."

"பிக்கெட்டைவிட ஜாஸ்திப்பா" என்றேன், காற்றாக.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "சரி, ரிசர்வ்ல இரு."